போட்டியின்றி

ஜவ்வாது மலையில் என்னை 'லிஸ்ட்டு டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் டீச்சர் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவள், பாடம் எடுக்க எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடவில்லை. பதினோரு வருஷமாக வாக்காளர் பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்குகிறேன். எங்கள் சங்கத்தில் நாலு பேர். சம்பளம் கிடையாது. பஸ் சார்ஜ் உண்டு, அதுவும் சில மாசம்தான். சொந்த ஊர் போளூருக்கு மேற்கே மலையடிவாரத்துக் காலனி. அப்பா புளி உலுக்கவும் ரோடு வேலைக்கும் மலையேறிப் போனவர். அவர் திரும்பி வரும்போது வேட்டியில் சாமை உமி ஒட்டிக்கொண்டிருக்கும். மலையைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது அந்த உமிதான்.

பெயர் சேர்ப்பது, ஓட்டுப் போடுவது, தேர்தலில் நிற்பது என்று வாசல் மூன்று. முதல் இரண்டுக்கும் காகிதம் போதும், அலைந்தால் கிடைக்கும். மூன்றாவது வாசலில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் முதல் வாசலைப் பார்க்காமல் மூன்றாவதுக்குப் போக முடியாது.

மலையில் ஒரே பெயர் நிறையப் பேருக்கு. காளி, ராமன், சடையன், வெள்ளச்சி, சின்னப்பொண்ணு. அப்பன் பெயரும் அப்படித்தான். 'காளி, த/பெ ராமன்' என்று ஒரே பாகத்தில் அஞ்சு பேர் இருந்தால் மேஜையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது இரட்டைப் பதிவாகத் தெரிகிறது. அடித்துவிடுகிறார். அடிபட்டவர் தேர்தல் அன்றைக்குக் கைவிரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் தான் இல்லை என்று தெரிந்துகொள்கிறார். உயிரோடு இருக்கிறவரைப் பார்த்து 'நீ இல்லை' என்று சொல்ல அந்தத் தாளுக்கு மட்டும்தான் முடியும். வயசும் இப்படித்தான். 'பெரிய மழை பேஞ்ச வருசத்துல பொறந்தவ' என்பார்கள். படிவம் 6-இல் மழைக்குக் கட்டம் இல்லை.

இது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை. 1951-52இல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார்கள். இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய அம்மா என்றார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அது சரியா தப்பா என்று இப்போதும் வாதம் பண்ணுகிறவர்கள் உண்டு. நான் அவர் பக்கம்தான். இன்னாருடைய பெண்டாட்டி என்று பதிந்திருந்தால் இன்னார்தான் ஓட்டுப் போட்டிருப்பார்.

இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. முன்பு ஜனவரி 1 அன்று பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022இலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாசத்தின் முதல் தேதியும் கணக்கு. பதினேழு முடிந்ததும் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். இடம் மாறினால், பிழை திருத்த வேண்டுமானால் படிவம் 8. பெயரை நீக்கப் படிவம் 7. இந்த மூன்று எண்ணும் மலையில் பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கும் மனப்பாடம். 'ஏழு குடுத்துட்டானுங்க டீச்சர்' என்று ஒருத்தி ஓடி வந்தால், யாரோ அவள் பெயரை வெட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உன் பெயரோ உன் அப்பன் ஆத்தாள் பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். வீட்டில் இல்லாதவருக்காக வயசு வந்த இன்னொருவர் கையெழுத்துப் போடலாம். ஆனால் பூட்டின வீட்டில் யார் போடுவது? நவம்பர், டிசம்பர் என்றால் மலை ஜனம் காப்பிக்கொட்டை பறிக்கக் கர்நாடகத்துக்குப் போகிற காலம். புருசன், பெண்டாட்டி, கைப்பிள்ளை எல்லாரும் ஒரே லாரியில். கதவில் பூட்டு தொங்கும். திண்ணையில் கோழி மேயும். டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் குறைந்திருந்தன. செத்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் என்று வகை பிரித்துச் சொன்னார்கள். காப்பித் தோட்டத்துக்குப் போனவருக்குத் தனி வகை எதுவும் நான் பார்த்தவரை இல்லை. 'இடம் மாறியவர்' என்று போட்டால் முடிந்தது.

சரி, பெயர் இருக்கிறது. ஓட்டு?

ஜவ்வாது மலை மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை வேலூர். ஒரே மலையாளிப் பழங்குடி ஜனம். கொண்டு கொடுத்த சொந்தம். சட்டசபைக்குப் போகும்போது கலசபாக்கம், திருப்பத்தூர், அணைக்கட்டு என்று சிதறி, எல்லாத் தொகுதியிலும் கீழ்நாட்டு ஓட்டில் கரைந்துபோகிறார்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதியில் பழங்குடியினருக்கு ஒதுக்கியது ஏற்காடும் சேந்தமங்கலமும், இரண்டே இரண்டு. பாராளுமன்றத்துக்கு ஒன்றுகூட இல்லை. வேட்பாளர் ஜீப் ஒரு தடவை மலையேறும். தண்ணித் தொட்டி கட்டித் தருகிறேன் என்று சொல்லும். இருட்டுவதற்குள் இறங்கிவிடும்.

ஆகவே மலைக்கு நிஜமான தேர்தல் பஞ்சாயத்துத் தேர்தல்தான். அதில் பெட்டி உண்டு, சீட்டு உண்டு. நாலு சீட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மடிக்கத் தெரியாமல் மடித்தால் மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு செல்லாத ஓட்டாகிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பழைய நோட்டுத் தாளைக் கிழித்து, உருளைக்கிழங்கை அறுத்து முத்திரை செய்து, கிழவிகளுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஆயா மடித்த தாளை என் கையில் கொடுக்க மாட்டேன் என்று விட்டாள். "நீ பிரிச்சுப் பாப்ப" என்றாள். அவளுக்குப் பாடம் முடிந்தது என்று அடுத்த வீட்டுக்குப் போனேன்.

பஞ்சாயத்தை லேசாக நினைக்கிற நண்பர்கள் நகரத்தில் உண்டு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்துச் செத்த குழந்தையை ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அங்கே ரோடு ஏன் இல்லை என்று கேட்டால் காட்டிலாகா என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ரோட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ வேண்டும் என்று கிராம சபை பரிந்துரைத்தால், மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிக்கலாம். கிராம சபையைக் கூட்டுகிறவர் யார், மினிட் புத்தகத்தில் எழுதுகிறவர் யார், எந்தத் தெருவுக்கு ரோடு என்று எழுதுகிறார்கள் என்பதெல்லாம் வெள்ளைச் சீட்டிலும் இளஞ்சிவப்புச் சீட்டிலும்தான் இருக்கிறது.

இனி மூன்றாவது வாசல்.

சட்டத்தில் அது ரொம்பச் சின்ன வாசல். 21 வயசு முடிந்திருக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 100. தலைவருக்கு 600, நமக்கு 300. ஒதுக்கீட்டு இடமென்றால் சாதிச் சான்று வேண்டும். எஸ்.சி.க்குத் தாசில்தார் கொடுப்பார். பழங்குடிக்கு 1989 நவம்பரிலிருந்து ஆர்.டி.ஓ.தான் கொடுக்க வேண்டும், அதற்கு மலை இறங்க வேண்டும். வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது; பூட்டு சாவியோ ஆட்டோவோ எது கிடைக்கிறதோ அது. அப்புறம் முன்மொழிகிற ஒரே ஒரு ஆள். அவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஆள். சட்டம் எழுதினவருக்கு அது ஒரு கையெழுத்து. எங்களுக்கு அங்கேதான் மலை செங்குத்தாகிறது.

ஊர் முதலில் கூடும். மாரியம்மன் கோயில் கல்லில் நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் உட்காருவார்கள். 'ஊர் ஒத்துமையா இருக்கணும்' என்று ஆரம்பிக்கும் பேச்சு, 'இவரை நிறுத்தியிருக்கோம்' என்று முடியும். அதற்குப் பிறகு மனுப் போடுகிறவர் இன்னொரு வேட்பாளர் இல்லை, ஊரை எதிர்த்தவர். அதிகாரிகளுக்கும் இது பிடிக்கும். போட்டியில்லை என்றால் பெட்டி தூக்கிக்கொண்டு மலையேற வேண்டாம். ஒரு அலுவலகத்தில் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்கள்: "மேலேயே பேசி முடிச்சுக்கச் சொல்லும்மா." குஜராத்தில் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கும் கிராமத்துக்கு சர்க்காரே பணம் கொடுக்கிற 'சமரஸ்' திட்டம் 2001இலிருந்து இருக்கிறது. நம் பக்கம் ஊரே பணம் வசூலித்துக்கொள்ளும். 2019 டிசம்பரில் பண்ருட்டி பக்கம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி ஐம்பது லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: ஒருமனதாக.

இந்த ஒருமனம் எப்படிச் செய்யப்படுகிறது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1996இல் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது பத்து வருஷம் அங்கே தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்த இடத்தில் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தலைவர்கள் உட்கார்ந்தார்கள். மேலவளவில் ராஜினாமா செய்ய மாட்டேன் என்ற தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள், ஆறு உயிர். இவையெல்லாம் மதுரைப் பக்கத்துக் கதை, கள்ளர் நாட்டுக் கதை, வடாற்காடு அப்படி இல்லை என்று எங்கள் ஜில்லாவில் பெருமையாகச் சொல்வார்கள்.

2021 அக்டோபரில் திருப்பத்தூர் மாவட்டம், ஆம்பூருக்கு மேலே நாயக்கனேரி மலைப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் ஊராட்சியில் அந்தச் சாதியே இல்லையே என்றது ஊர். தேர்தலைப் புறக்கணித்தது. ஒரே ஒரு பெண் மனுப் போட்டார்: இந்துமதி. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு அந்த மலைக்கு வாழப் போன தலித் பெண். எதிர்த்து மனு இல்லாததால் போட்டியின்றித் தேர்வானார். பதவியேற்க முடியவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று, வருஷங்கள் ஓடின. ஊர் கூடி ஒருவரை நிறுத்தினாலும் போட்டியின்றிதான்; ஊரே கூடி ஒருத்தியைத் தள்ளினாலும் போட்டியின்றிதான். அரசிதழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. தமிழ் படித்தவள் என்பதால் இந்த வார்த்தையை ரொம்ப நாள் மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நாயக்கனேரியைப் பேசினால் தோழர்கள் சிலர் சங்கடப்படுகிறார்கள். மலையில் இருப்பவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே, எஸ்.சி.யும் எஸ்.டி.யும் சேர வேண்டியவர்கள்தானே, அதை ஏன் கிளறுகிறாய் என்கிறார்கள். மலையாளி ஜனத்தைக் கீழ்நாடு எப்படி நடத்துகிறது என்று எனக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் இந்த மலை ஆட்களும் இருந்தார்கள். செம்மரம் யாருக்குப் போகிறது என்று கேட்காமல், வெட்டப் போன கூலியைச் சுட்டார்கள். இன்றைக்கும் மலையில் ஒருவன் நாலு நாள் வீட்டில் இல்லையென்றால் 'ஆந்திரா போயிட்டான்' என்று எழுதிக்கொள்கிறார்கள். ஈரோட்டு மலைகளில் இருக்கிற இதே மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்று கிடையாது. பட்டியலில் அந்த ஜில்லாவின் பெயர் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு அடி நிலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996இன் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே வராது. இதற்கெல்லாம் அவர்களோடு நானும் கொடி பிடித்திருக்கிறேன். இனியும் பிடிப்பேன். அதே ஊரில் கீழ்க்கொட்டாயில் இருக்கிற ஆறு வீட்டுக்குத் தண்ணிக் குழாய் ஏன் கடைசியில் வருகிறது என்றும் கேட்பேன். இரண்டையும் ஒரே வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆறு வீடு எங்கள் ஜனம். ரோடு போட வந்த அப்பன்மார் அப்படியே தங்கிவிட்டவர்கள். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அதில் ஒரு அக்கா. நாற்பது வயசு. எட்டாவது வரை படித்தவள். சாமைக் கொல்லையில் கூலி, நூறு நாள் வேலை, மாடு ஒன்று. 2019 டிசம்பரில் அவர்களுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. சாதி ஒதுக்கீடு இல்லை. ஊர் ஒரு வீட்டு மருமகளை நிறுத்த முடிவு செய்திருந்தது. பாவம், அந்தப் பெண்ணைக் கேட்கக்கூட இல்லை. மாமனார் வெற்றிலை வாங்கிக்கொண்டார்.

அக்கா என்னிடம் வந்து, "நூறு ரூபாதானாமே, நெசமா?" என்றாள்.

"நெசந்தான்க்கா."

"நூறு ரூபாய்க்கு ஆட்டுத் தலைகூட வராது. இதுக்கு ஏன்டி இவ்ளோ கூட்டம் போடறானுங்க?"

மனு தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை. வீட்டு வரி ரசீதுக்கு மூன்று நாள் அலைந்தோம். கொட்டாய்க்குக் கதவு எண் போட்டதில்லை, எண் இல்லாததால் வரி போட்டதில்லை, வரி போடாததால் பாக்கியும் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னோம். எழுதிக் கொடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல்காரர் டீக்கடையில் இருந்தார். அங்கேயே போய் வாங்கினோம்.

முன்மொழிய ஆள் வேண்டும். ஆறு வீட்டில் ஓட்டு பதினாலு. ஒரு வீட்டில் ஊர் ஆளிடம் கடன். இன்னொரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், ஊர்ப் பாத்திரம் வேண்டும். அக்காவின் புருசன், "நான் போட்டா நாளைக்கு வேலைக்குப் போவ முடியாதுடி" என்றான். பயந்தாங்கொள்ளி என்று அவனைச் சொல்ல மாட்டேன். கூலி கொடுக்கிறவனை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் அவன் கொல்லையில் குனிய வேண்டியவன் அவன்தான், நான் இல்லை. 

கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா இறங்கி வந்தாள். மலையாளிக் கிழவி, தாலி அறுத்தவள், மகன் ஆந்திராவில் ஜெயிலில் இருந்து வந்து செத்துப் போனவன். "நான் வெக்கறேன் ரேகை" என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்: "எம்புள்ளைய ஜெயில்ல போட்டப்ப ஊரு கூடல. இவதான் என்கூட வேலூரு வந்தா. ரெண்டு ராத்திரி ஜெயிலு வாசல்ல என் பக்கத்துல படுத்துக் கெடந்தா."

சித்தாந்தம் ஒன்றும் அதில் இல்லை. பதினாறாம் தேதி பெருவிரல் மையோடு அவள் மேஜையில் தாளை அழுத்தியபோது அந்த அலுவலர் இரண்டு தடவை கேட்டார்: "தெரிஞ்சுதான் வெக்கறியா பாட்டி?" "ஓட்டுக்கு வெக்கசொல்லோ யாருமே கேக்கலியே" என்றாள்.

மனு திரும்பப் பெற 19 வரை நேரம். அந்த மூன்று நாள்தான் தேர்தல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்த சடங்கு. முதல் நாள் நல்ல வார்த்தை. "உனக்கு இன்னா வேணும் சொல்லு, குழாய்தானே, போட்டுத் தர்றோம்." இரண்டாம் நாள் மாடு மேயும் இடத்தைப் பற்றிய பேச்சு. மூன்றாம் நாள் அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதையில் இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை, நின்றார்கள். அன்றைக்கு மத்தியானம் அக்கா முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். வாபஸ் வாங்கிவிடு என்று நானும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டுபோய் எங்கள் அம்மா வீட்டில் விட்டேன். மூன்று மணிக்கு நேரம் முடிந்தது. பட்டியலில் இரண்டு பெயர் இருந்தது.

சின்னம் கிடைத்தது. நோட்டீஸ் அடிக்கவில்லை. ஊர்த் தெருவுக்குள் அவள் ஓட்டுக் கேட்கப் போகவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, போகிற வழக்கம் இல்லை. கிணற்றடியில், கொல்லையில், ரேஷன் கடை வரிசையில் பெண்களிடம் பேசினாள். வாசற்படி ஏறாமல் ஓட்டுக் கேட்ட வேட்பாளரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

2020 ஜனவரி 2 அன்று எண்ணினார்கள். அக்காவுக்கு 31. ஊர் நிறுத்திய பெண்ணுக்கு 212. தோற்றுப்போனாள். ஆனால் கீழ்க்கொட்டாயின் மொத்த ஓட்டே பதினாலு. ஆயாவுடையதைச் சேர்த்தால் பதினைந்து. மீதிப் பதினாறு?

அந்தப் பதினாறு ஊரைத் தூங்கவிடவில்லை. எங்கள் பக்கத்தில் தோல்வியைப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போட்டார்கள். பதினாறு என்றால் நாலு வீடா, எட்டு வீடா? பெண்களா? நாட்டார் வீட்டிலேயே இருக்குமா? மாரியம்மன் முன்னால் சத்தியம் வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். ஓட்டுச் சீட்டை மடிக்கிற அந்த ஒரு மடிப்பு எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது விளங்கிற்று. 1919 ஜனவரியில், இருபத்தேழு வயசு அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன்னால் சாட்சியம் சொன்னபோது, பிரதிநிதித்துவ உரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் சேர்ந்தால்தான் குடிமை என்று வாதிட்டார். எங்கள் அக்காவுக்குப் பாதி கிடைத்தது. பாதியே அவர்களுக்கு ஜீரணமாகவில்லை.

ஆயாவுக்கு ஊர் தண்டம் போட்டது. ஆயிரத்தொரு ரூபாயும் ஒரு சேவலும். நாங்கள் போலீசுக்குப் போகலாம் என்றோம். "சும்மாயிரு, அவுங்ககூடத்தான் நாளைக்கு எம்பொணத்தத் தூக்கணும்" என்றாள். பணத்தை அக்கா கொடுத்தாள். சேவலை மட்டும் ஆயா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "ரேகை வெச்சதுக்குத் துட்டு சரி. சேவலு இன்னா பண்ணுச்சு?" அதோடு நின்றுபோயிற்று.

ஜெயித்த பெண் நல்லவள். ஆனால் கூட்டத்துக்கு மாமனார்தான் போனார். மினிட் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவாள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வந்தபோது, ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெண் அக்காவிடம் சொன்னாளாம்: "தரையிலயாவது உக்கார வெச்சாங்க. எனக்கு அந்த ரூமு எந்தப் பக்கம்னே தெரியாது." அவளுடைய ஓட்டு யாருக்குப் போனதோ, எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்க மாட்டேன்.

கீழ்க்கொட்டாய்க்குக் குழாய் 2021இல் வந்தது. யார் போட்டது என்று இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடுகிறார்கள். தண்ணீர் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறது.

2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்டத்தில் அவர்களுடைய ஐந்தாண்டு முடிந்தது. பஞ்சாயத்துகள் தனி அலுவலர் கைக்குப் போயின. அப்போதே அக்கா கேட்க ஆரம்பித்துவிட்டாள்: "அடுத்தது எப்போ?" மகள் திருவண்ணாமலையில் நர்ஸிங் படிக்கிறாள், பாதையில் நிற்க ஆளில்லை என்று சிரிக்கிறாள். இந்தத் தடவை நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். ஊர்த் தெருவுக்குள்ளும் போவாளாம். 

ஆயா 2023 தை மாசத்தில் செத்துப் போனாள். ஊர்தான் தூக்கிற்று. பட்டியலில் அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. படிவம் 7 எழுத எனக்கும் கை வரவில்லை. 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் பெயர் இல்லை. இறந்தவர் என்று சரியாகவே எடுத்திருந்தார்கள். 

ஆகவே முன்மொழிய இன்னொரு ஆள் வேண்டும். ஆயாவின் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். பத்தொன்பது வயசு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை. அவள் பெயர் இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை. திருப்பூரில் சேர்த்தால் அங்கே ஓட்டு. மலையில் சேர்த்தால் அக்காவுக்குக் கையெழுத்துப் போடலாம், ஆனால் வீடு இங்கேதான் என்று காட்ட வேண்டும், விசாரணைக்கு ஆள் வந்தால் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் எழுத முடியாது. போனில் இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் பாதி கேட்டிருக்கும். தண்டம் எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். பொங்கலுக்கு வரும்போது பார்க்கலாம், படிவத்தை மட்டும் எடுத்து வை அக்கா என்றாள்.